அணியத்தில் பதியும் முத்திரை

நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையைப் பற்றிக் கடற்கரை மக்கள் மதவேறுபாடில்லாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. முடி திருத்திக்கொண்டிருந்த ஆண்டகை, சட்டென்று கையிலிருந்த முகக்கண்ணாடியைக் கடல் இருந்த திசையில் வீசினாராம். நடுக்கடலில் உடலில் ஓட்டை விழுந்து, தண்ணீர் ஏறி, மூழ்கும் நிலையில் இருந்த ஒரு கப்பலின் துளையில் அந்தக் கண்ணாடி போய் ஒட்டிக்கொண்டதாம். கப்பல் பிழைத்தது, கப்பற்காரர்கள் நன்றி சொல்லக் கரைக்கு வந்தார்கள் என்று கதை முடிகிறது. இன்றும் தர்காவுக்கு வருகிறவர்கள் வீடு, கை, கால், படகு என உருவம் அழுத்திய வெள்ளித் தகடுகளை நேர்த்திக்கடனாகச் செலுத்துகிறார்கள். தர்காவின் மிக உயரமான மினாரை 131 அடிக்கு எழுப்பித் தந்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

கதையில் ஒரு தகடு ஓட்டையை அடைத்துக் கப்பலைக் காப்பாற்றுகிறது. தன் படகின் முகப்பில் வெண்கலச் சின்னம் ஒன்றைப் பொருத்த நினைப்பவர் செய்வதோ நேர்மாறான வேலை. ஓட்டையே இல்லாத நல்ல உடலில் அவர் நான்கு துளை போடுகிறார். சின்னத்தின் அழகைச் சிற்பி பார்த்துக்கொள்வார். அதன் முதுகுக்குப் பின்னால் அந்த நான்கு துளைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் படகின் ஆயுளையும் சின்னத்தின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. டெல்டாவில் இதைப் பற்றி யோசிக்கக் காரணம் இருக்கிறது.

காவிரிப் படுகையில் உலோகம் உள்நாட்டில் இருக்கிறது, படகு கரையில் இருக்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் காவிரியின் வண்டல் மண்ணை மெழுகு உருவத்தின் மேல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்பு நடக்கிறது. தஞ்சாவூரில் கலைத்தட்டுக்குத் தகடு தட்டும் ஓசை இன்னும் ஓயவில்லை. அங்கிருந்து கிழக்கே நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, தரங்கம்பாடி, பூம்புகார் என்று படகுகள் நிற்கும் ஊர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. தஞ்சாவூர் மாவட்டத்துக்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று சொந்தக் கடற்கரை உண்டு. இவ்வளவு அருகில் இருந்தும் இந்த இரண்டு தொழில்களும் படகின் முகப்பில் சந்திப்பது அரிது. இன்று பெரும்பாலான படகுகளில் பெயரும் சின்னமும் பெயின்ட்டால்தான் எழுதப்படுகின்றன: குலதெய்வம், வேல், சிலுவை, பிறை, பிள்ளைகளின் பெயர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்த பல படகுகளில் கொடுத்த நிறுவனங்களின் பெயர்களும் அடையாளங்களும் தீட்டப்பட்டிருந்தன. உப்புக்காற்றும் வெயிலும் அவற்றைச் சில பருவங்களிலேயே வெளுக்க வைத்துவிட்டன.

படகின் முகத்தில் அடையாளம் வைக்கும் வழக்கம் பழையது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் எழுதியவர். படகுகளின் முகப்பில் கண் வரையும், கண் செதுக்கும் பழக்கத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். படகுக்கு முகம் உண்டு, முகத்துக்குக் கண் வேண்டும் என்ற எண்ணம் கடலோடிகளிடம் ஆழமாக இருந்தது. அந்தக் கண் இருந்த இடம்தான் அணியம், அதாவது படகின் முன்பகுதி. வெண்கலச் சின்னம் கேட்பவரும் அதே இடத்தைத்தான் காட்டுவார்.

சோழர் காலத்துக் கைவினைஞர்களுக்குச் சின்னத்தைப் பொருத்தும் கலை நன்றாகத் தெரியும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் மொத்தம் 21. அவை நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் வந்தது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31. இந்த ஏடுகளில் எல்லாம் ஒரு துளை இருக்கும். துளைகள் வழியாகத் தடித்த செம்பு வளையம் ஒன்று போகும். வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் புலியும் இணைக்கயலும் வில்லும் கொண்ட சோழ முத்திரை வார்ப்பு அமர்ந்திருக்கும். வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டைக்கூட எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அதனால்தான் செப்பேடு கிடைத்ததும் வளையம் அறுபட்டிருக்கிறதா என்று கல்வெட்டறிஞர்கள் முதலில் பார்க்கிறார்கள். இங்கே முத்திரையே பூட்டாகவும் வேலை செய்கிறது.

தஞ்சாவூர்க் கலைத்தட்டில் வேறொரு பாடம் இருக்கிறது. அடியில் பித்தளை அல்லது செம்புத் தட்டு. அதன் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டில் புடைத்தெழுந்த உருவம். தகட்டின் பின்புறம் குழிவாக இருப்பதால் அப்படியே பொருத்தினால் விரல் பட்டாலே நசுங்கும். எனவே குழிவை மெழுகுக் கலவையால் நிரப்புகிறார்கள். பிறகு அடித்தட்டில் வெட்டிய காடியில் தகட்டின் விளிம்பை இறக்கி, சுற்றிலும் தட்டி இறுக்குகிறார்கள். பின்னால் வெற்றிடம் இருக்கக்கூடாது, விளிம்பு எங்கும் தூக்கி நிற்கக்கூடாது. கலைத்தட்டுக்கான இந்த இரண்டு விதிகளும் கடலில் போகும் சின்னத்துக்கு வரிக்கு வரி பொருந்தும்.

ஆனால் கடலில் மூன்றாவது விதி ஒன்று சேர்ந்துகொள்கிறது. அதை உலகம் விலை கொடுத்துக் கற்றது.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை, அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் செம்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதுதான் நோக்கம். 1763இல் திரும்பி வந்த கப்பலைச் சோதித்தபோது புழு அண்டவில்லை, செம்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் செம்புக்கு அருகே இருந்த இரும்பு ஆணிகளும் சுக்கானைத் தாங்கிய இரும்புப் பாகங்களும் அரித்துப்போயிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. காரணம் தேடியவர்களுக்கு ஒரு சாதாரண பழுப்புக் காகிதம் கிடைத்தது. செம்புத் தகடுகள் அந்தக் காகிதத்தில் சுற்றப்பட்டு வந்திருந்தன. பொருத்திய ஆட்கள் சில இடங்களில் காகிதத்தை உரிக்காமல் விட்டிருந்தார்கள். காகிதம் செம்பையும் இரும்பையும் பிரித்து வைத்த இடங்களில் இரும்பு தப்பியது. மின்கலத்தை வோல்ட்டா உருவாக்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதன் தத்துவம் ஒரு கப்பலின் அடியில் எழுதிக் கிடந்திருக்கிறது. படகில் உலோகம் பொருத்தும் எவருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டிய கதை இதுதான்.

காரணம் எளிது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, இரண்டையும் உப்புநீர் நனைத்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. ஒன்று கரையும், மற்றொன்று காப்பாற்றப்படும். துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம், நல்ல எவர்சில்வர் என்று கடல்நீரில் உலோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசையில் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதற்காகத் தன்னைக் கொடுக்கிறது. இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக அரிப்பு நடக்கும். பரப்பளவுக்கும் இதில் பங்குண்டு. பெரிய வெண்கலத் தகட்டைச் சின்ன இரும்புத் திருகுகள் பிடித்திருந்தால், அவ்வளவு பெரிய தகட்டின் பசியையும் அந்த நான்கு திருகுகளே தீர்க்க வேண்டும். முகப்பில் சின்னம் பளபளக்கும்போதே பின்னால் திருகு ஊசியாக இளைத்துக்கொண்டிருக்கும்.

1824இல் ஹம்ப்ரி டேவி இந்த வரிசையையே மருந்தாக்கிப் பார்த்தார். செம்புப் போர்வையின் மேல் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தினார். அவர் கணக்குப்படியே அவை கரைந்து செம்பைக் காத்தன. ஆனால் செம்பு கரையாததால் கொட்டலசுகளும் பாசியும் தாராளமாக ஒட்டி வளர்ந்தன. கப்பல்கள் வேகம் இழந்தன, திட்டம் கைவிடப்பட்டது. டேவியின் எண்ணம் தோற்கவில்லை. இன்று விசைப்படகுகளின் அடியில் சுழலிக்கு அருகே பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் அவருடைய வழிவந்தவைதான்.

உலோகம் கடலில் என்ன செய்யும் என்பது நம் கடற்கரைக்காரர்களுக்கும் பழகிய விஷயம். சோழமண்டலக் கரையில் அலை உடைக்கும் இடத்தைத் தாண்டிப் போய்வந்த மசூலாப் படகுகளில் பலகைகளை ஆணி கொண்டு இணைக்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த பலகை பிளக்கும், தைத்த பலகை நெளிந்து கொடுக்கும். கட்டுமரத்திலும் கயிறுதான். மர வள்ளங்களில் இரும்பு ஆணி வந்தபோது கூடவே சிக்கலும் வந்தது. துரு பிடித்த ஆணியைச் சுற்றியுள்ள மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும், பிறகு ஆணிக்குப் பிடிப்பு இருக்காது. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியும் எண்ணெயும் குங்கிலியமும் அடைக்கும் கலப்பத்து வேலை, தண்ணீர் நுழையும் வழியைத் தேடித்தேடி மூடும் வேலை. சின்னம் பொருத்துவதிலும் அந்தக் கலப்பத்துக்காரரின் கண்தான் தேவைப்படுகிறது.

எந்த உலோகத்தில் சின்னம் செய்வது? டெல்டாவில் முதலில் நினைவுக்கு வருவது பித்தளை. மலிவு, வார்க்க எளிது, தேய்த்தால் பொன்போல மின்னும். வீட்டில் எரியும் விளக்குக்கு அதைவிட நல்ல உலோகம் இல்லை. ஆனால் துத்தநாகம் அதிகமுள்ள பித்தளையைக் கடல்நீர் வஞ்சகமாக அரிக்கும். துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிடும், செம்பு மட்டும் பஞ்சுபோல் எஞ்சி நிற்கும். வடிவம் மாறாது, நிறம்தான் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகும். பலம் போய்விட்டது தெரியாமலே ஒருநாள் திருகின் தலை கையோடு வந்துவிடும். பித்தளைச் சின்னமாவது நீர்மட்டத்துக்கு மேலே சில காலம் தாங்கும், பித்தளைத் திருகு அதுகூடத் தாங்காது.

சுவாமிமலை வார்ப்பு இந்த வகையில் மேலானது. செம்பே பெரும்பங்கு வகிக்கும் கலவை அது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம் கடற்காற்றில் பச்சைப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அதற்கு மேல் மிக மெதுவாகவே தேயும். சிலைக்கான வழக்கமான கலவையில் பித்தளை சேர்ப்பதுண்டு. கடலுக்குப் போகும் சின்னம் என்று ஸ்தபதியிடம் முன்கூட்டியே சொல்லி, பித்தளையைத் தவிர்த்து வெள்ளீயம் சேர்க்கக் கேட்டால் நல்லது. வெண்கலத்தின் ஆயுளுக்குச் சாட்சி வேண்டுமென்றால் நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு கப்பல் மணி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. 1830களில் பாதிரியார் வில்லியம் கொலென்சோ கண்டபோது மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் என்னவாயிற்று என்று எவருக்கும் தெரியாது. மணியில் எழுத்து இன்றும் வாசிக்கும்படி இருக்கிறது.

எவர்சில்வர் எழுத்து வெட்டித் தரும் கடைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே 202, 304, 316 என்று தரங்கள் உண்டு. கைப்பிடிக் கம்பிகளுக்கு விற்கப்படும் மலிவான 202 கடற்கரையில் சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும். 304 அதைவிடத் தேவலாம். மாலிப்டினம் சேர்ந்த 316தான் கடலுக்கு உரியது. அதற்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் உயிரோடிருக்கக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். சின்னத்துக்கும் உடலுக்கும் நடுவே காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அங்கே படலம் செத்து, புள்ளி புள்ளியாகக் குழி விழும். தலைப்பகுதி கண்ணாடிபோல மின்ன, கழுத்து அரிபட்டுக்கொண்டிருக்கும். எந்த உலோகமாக இருந்தாலும் பின்புற இடுக்கே எதிரி என்பது இதனால் இன்னொரு முறை உறுதியாகிறது. வெண்கலச் சின்னத்துக்கு வெண்கலத் திருகு கிடைத்தால் அதுவே உத்தமம். கிடைக்காவிட்டால் 316. ஹார்டுவேர் கடையில் கைக்குக் கிடைத்த ஜிங்க் பூசிய இரும்புத் திருகு மட்டும் வேண்டாம்.

இனி வேலைக்கு வரலாம். சாப்பாட்டுத் தட்டு அளவில், 20 சென்டிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் கனமும் கொண்ட வெண்கல வட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால் எடை ஏறத்தாழ 1.1 கிலோ. இந்த எடை பெரிதல்ல. நல்ல பசை ஒன்றே தாங்கிவிடும். சின்னம் விழுவது எடையால் அல்ல. அலையின் அறை, பக்கத்துப் படகின் உரசல், விளிம்பில் மாட்டி இழுக்கும் வலை ஆகியவை ஒரு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகின்றன. தூக்கிய ஓரத்தில் தண்ணீர் நுழைகிறது. பசை நேராக இழுக்கும்போது காட்டும் வலிமையை உரிக்கும்போது காட்டாது. எனவே விளிம்பைப் பிடித்து வைக்கப் போல்ட், பின்புறத்தை நிரப்பி நீரைத் தடுக்கப் பசை என்று இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும்.

இடம் தேர்வது முதல் முடிவு. நீர்மட்டத்துக்கு மேலே, அணியத்தின் பக்கவாட்டில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே என்பது பொதுவான இடம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் பக்கத்தோடு பக்கம் நெருங்கி நிற்பவை, அதனால் உரசும் கோட்டிலிருந்து சின்னம் விலகி இருக்க வேண்டும். வலை இறங்கும் பக்கமும், கரையில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகுகளில் கயிறு உராயும் இடமும் ஆகாது. பதிவு எண்ணை மறைக்கக்கூடாது. நாகப்பட்டினத்து விசைப்படகுகளில் ஐ.என்.டி - டி.என் - 06 - எம்.எம் என்று தொடங்கும் எண் கடலில் காவலர்கள் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எண்.

அடுத்தது வளைவு. அணியம் எங்கும் தட்டையாக இருப்பதில்லை. தட்டையான தகட்டை வளைந்த உடலில் வைத்துப் போல்ட்டை முடுக்கினால் நடுவிலோ ஓரத்திலோ தகடு எப்போதும் எம்பிக்கொண்டே இருக்கும். அந்த விறைப்பு ஒவ்வொரு அலைக்கும் போல்ட்டை இழுக்கும். மெழுகு வார்ப்புக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சின்னம் வரும் இடத்தின் வளைவைப் பிளாஸ்டர் அச்சில் எடுத்து ஸ்தபதியிடம் கொடுத்துவிட்டால், மெழுகு உருவத்தை அந்த அச்சின் மேலேயே படிய வைத்து வார்க்கலாம். இயந்திரத்தில் வெட்டும் தகட்டுக்கு இந்த வரம் கிடையாது. சின்னத்தின் முதுகில் திருகு மரை வெட்டத் தோதான முளைகளைச் சேர்த்தே வார்த்துவிட்டால், முகத்தில் துளையே விழாது. முன்பக்கம் திருகுத் தலை தெரியாது, திருடனுக்கும் பிடி கிடைக்காது. சோழ முத்திரையைப் போல உள்ளே போனால்தான் கழற்ற முடியும். விளிம்புகளை உருட்டி வழித்துவிட்டால் வலை மாட்டாது.

ஃபைபர் படகில் துளை போடுவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பல படகுகளில் மிதப்புக்காக அறைகளை மூடி உள்ளே தெர்மாகோல் நிரப்பியிருப்பார்கள். துளை அந்த அறைக்குள் போனால், கசியும் தண்ணீர் எவர் கண்ணிலும் படாமல் உள்ளே தங்கி படகைக் கனக்கச் செய்யும். உள்பக்கம் கை போகும் இடமாகப் பார்ப்பது அவசியம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 அல்லது 12 மில்லிமீட்டரில் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அது காய்ந்தபின் நடுவில் 6 மில்லிமீட்டரில் மறுபடி துளைப்பது நல்ல முறை. போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிக் குழல் ஒன்று அமைவதால் வெட்டுப்பட்ட ஃபைபர் இழைகளுக்குத் தண்ணீர் போகாது. மரப் படகுக்கு இது இன்னும் முக்கியம். துளையின் வெளிவாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிட்டால் பசை அங்கே வளையமாகத் தங்கி வாஷர்போல் நிற்கும்.

பிறகு பசை. குளியலறைக்கு வாங்கும் சிலிக்கோன் வேண்டாம். அது ஒட்டிய இடத்தில் பின்னாளில் பெயின்ட் பிடிக்காது. வெறும் எபாக்ஸியும் பெரிய சின்னத்துக்குச் சரிவராது, ஏனென்றால் அது நெளியாது. 30 சென்டிமீட்டர் நீள வெண்கலம் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே 30 டிகிரி சூடேறினால் 0.16 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அடியிலுள்ள ஃபைபர் வேறு அளவில் நீளும். அன்றாடம் நடக்கும் இந்த இழுபறியைத் தாங்க, ரப்பர்போல நெகிழும் பாலியூரிதேன் பசைதான் தகும். உடலை எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, மெழுகும் எண்ணெயும் போன பிறகே பசை. சின்னத்தின் முதுகையும் அப்படியே செய்ய வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரப்பி, காற்றுக் குமிழி சிக்காமல் அழுத்தி, சுற்றிலும் பசை பிதுங்கி வரும்படி வைக்க வேண்டும். கலைத்தட்டின் பின்குழிவை மெழுகால் நிரப்பும் அதே கவனம் இங்கே தேவை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆர்வத்தில் போல்ட்டை ஒரேயடியாக முடுக்கிப் பசை முழுவதையும் வெளியே பிதுக்கிவிடுகிறார்கள். உள்ளே காகிதக் கனத்துக்குத்தான் மிஞ்சும், அது நெளியவும் முடியாது, நீரைத் தடுக்கவும் முடியாது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை நடுவில் வைத்து, கையால் இறுகும் அளவுக்கு மட்டும் போல்ட்டை முடுக்கி விட்டுவிட வேண்டும். பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். உலோகத்துக்கு அடியில் நடுப்பகுதிக்கு அந்த ஈரம் போய்ச்சேர நாளாகும். ஒரு வாரமாவது பொறுத்து, பிறகு கடைசிச் சுற்று முடுக்கினால் இறுகிய பசை ரப்பர் வளையமாக அழுந்தி உட்காரும். உள்பக்கம் சிறு வாஷர் போதாது. உள்ளங்கை அளவாவது ஒரு ஃபைபர் பலகையை வைத்து, அதன்மேல் அகல வாஷர் போட்டு நட்டை முடுக்கினால், இழுக்கும் விசை பரவிப் போகும்.

இரும்பு உடல் கொண்ட படகில் அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதத்தைக் கட்டாயம் நினைக்க வேண்டும். வெண்கலம் இரும்பைத் தொடவே கூடாது. அடியில் நைலான் அல்லது ரப்பர் தகடு, போல்ட்டைச் சுற்றி நைலான் குழல், நட்டுக்கு அடியில் நைலான் வாஷர் என்று மூன்று இடத்திலும் பிரிப்பு வேண்டும். அலுமினியப் படகில் வெண்கலச் சின்னம் வைக்காமலிருப்பதே நல்லது. வரிசையில் அவை அவ்வளவு தள்ளி நிற்பதால், ஒரு கீறல் போதும், படகின் உடலே கரையத் தொடங்கும். அங்கே அலுமினியத்திலேயே சின்னம் செய்துகொள்ளலாம்.

கடற்படைகள் இதை நீண்டகாலமாகச் செய்துவருகின்றன. பிரிட்டிஷ் கடற்படை 1918இல் கப்பல் சின்னங்களை ஒழுங்குபடுத்தத் தனிக்குழு அமைத்தது. கப்பலுக்குப் பெரிய சின்னமும், அந்தக் கப்பல் சுமந்து செல்லும் துணைப் படகுகளின் அணியத்துக்கு இருபக்கமும் சிறிய உலோகச் சின்னங்களும் வார்த்தார்கள். அந்த மரபு வழியே இந்தியக் கடற்படைக் கப்பல்களுக்கும் தனித்தனிச் சின்னங்கள் வந்தன. 1943இல் சேர்ந்த காவேரி என்ற போர்க்கப்பல், நாடு குடியரசானபின் ஐ.என்.எஸ். காவேரி என்று 1970கள் வரை வாழ்ந்தது. நம் ஆற்றின் பெயர் கடலில் அவ்வளவு காலம் மிதந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சுவாமிமலை வார்ப்பில் தாங்கும் படகுகள் நம் கரையிலேயே வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் காட்டப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளிலிருந்து அதைத் தொடங்கலாம். அங்கே ஓட்டம் நிதானமானது, உரசல் குறைவு, பார்ப்பவர்களும் பல ஊர்க்காரர்கள். ஒரு விளக்குக் கடையிலோ சிலைக் கூடத்திலோ வேலையில்லாத மாதத்தில் இப்படி நான்கைந்து வார்ப்பு கிடைத்தால் அது அந்தக் குடும்பத்துக்கு நிஜமான வருமானம்.

வேலைக்கு ஏற்ற காலமும் தயாராக இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, தச்சரும் ஃபைபர் வேலைக்காரரும் பெயின்டரும் அவற்றைச் சுற்றி வேலை செய்யும் நாட்கள் அவை. உடல் நன்றாகக் காய்ந்திருக்கும், பசை இறுகப் போதிய நாளும் இருக்கும். ஏற்கெனவே சின்னம் வைத்திருப்பவர்கள் அதே நாட்களில் அதைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். ஒரு இடத்தில் மட்டும் பொக்கென்று சத்தம் வந்தால் அங்கே பசை விட்டுவிட்டது என்று பொருள். சின்னத்துக்குக் கீழே பச்சைக் கோடு வழிந்திருந்தால் கவலையில்லை, அது வெண்கலத்தின் இயல்பு. பழுப்புக் கோடு வழிந்திருந்தால் உள்ளே எங்கோ இரும்பு இருக்கிறது. உள்பக்கத்திலிருந்து ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி அதன் கழுத்தைப் பாருங்கள். மெலிந்தோ, இளஞ்சிவப்பாகவோ, குழி விழுந்தோ இருந்தால் நான்கையும் மாற்றிவிட்டுப் புதுப் பசை வைத்துப் படகை இறக்குங்கள்.